லத்தீனோ என்றால் என்ன கூட்டம்

என் பேத்தி கட்டிக்கொள்ளப் போகிற பையன் லத்தீனோ என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதிர்ச்சி அடைய வேண்டுமானால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

பேத்தி அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள். அவள் அப்பன், அதாவது என் மகன், போனைப் பிடிக்கிற லட்சணத்தில் அவளுக்கு அவன் மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரியும். அன்றைக்கும் அந்த மூக்குத் துவாரத்தைப் பார்த்துத்தான் அவள் கல்யாண விஷயத்தைச் சொன்னாள்.

"பையன் என்ன ஆளுங்க அம்மிணி?"

"லத்தீனோங்கப்பா."

"ஓ" என்றான் என் மகன். பூச்சி மருந்துக் கடைக்காரன் வாயில் நுழையாத பேரைச் சொல்லும்போதும் அவன் இப்படித்தான் "ஓ" என்பான். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்தான். நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பேசுவது தமிழானாலும் நாங்கள் இருப்பது கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம். இங்கே லத்தீன் கத்தோலிக்கர் என்று ஒரு பிரிவு உண்டு. அதுவாக இருக்குமோ என்று மகன் ஒருநாள் முழுக்கக் குழம்பிக் கிடந்தான். அது வேறு, இது வேறு என்று பேத்தி எழுதி அனுப்பினாள். அப்புறம் அவனே போனைக் குடைந்து படித்தான். மெக்சிகோவிலிருந்து கீழே தென் அமெரிக்கா வரைக்கும் ஏகப்பட்ட நாடுகள். அங்கே பிறந்தவர்கள், அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரையும் அமெரிக்காவில் லத்தீனோ என்பார்களாம். ஆணென்றால் லத்தீனோ, பெண்ணென்றால் லத்தீனா. வெள்ளையாகவும் இருப்பார்கள், கறுப்பாகவும் இருப்பார்கள், நம்மைப் போல இடைநிறத்திலும் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் ஸ்பானிஷ் பேசுவார்கள். பிரேசில்காரர்கள் ஸ்பானிஷ் பேசாமலே லத்தீனோ. ஸ்பெயின்காரர்கள் ஸ்பானிஷ் பேசியும் லத்தீனோ இல்லை.

"இது என்னம்மா கணக்கு" என்றான் மகன்.

எனக்கு அது ரொம்பப் பழக்கமான கணக்காகத் தெரிந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்களைக் "கேரளாக்காரங்களா" என்கிறார்கள். பாலக்காட்டு ஆபீசுக்குப் போனால் "தமிழா" என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற தென்னை மட்டும்தான் எங்களை ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்த நாளே என் கொழுந்தனார் வந்துவிட்டார். என் வீட்டுக்காரரின் தம்பி. சுற்றுவட்டாரத்தில் யார் எந்தக் கூட்டம் என்று அவரிடம்தான் கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்குள் கல்யாணப் பேச்சு என்றால் முதல் கேள்வி பையனின் படிப்பு கூட இல்லை, என்ன கூட்டம் என்பதுதான். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கட்டக் கூடாது. நிச்சயத்தன்று சபையில் எழுந்து, மாப்பிள்ளை வீடு இன்ன கூட்டம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தாம்பூலத் தட்டே கை மாறும்.

"பையனோட அப்பன் என்ன கூட்டமுங்க நங்கை?" என்றார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது.

"லத்தீனோங்க."

"அம்மா?"

"அதுவும் லத்தீனோதானுங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் விழுந்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே கூட்டமா. அண்ணனும் தங்கச்சியுமில்லீங்க கட்டியிருக்குது. இந்தக் கருமத்துல பொறந்த பையனுக்கா நம்ம புள்ளையக் குடுக்கறது?"

மகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். எங்கேயோ டெக்சாஸில் ஒரு புருசனும் பெண்டாட்டியும் நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருக்க, அவர்களுடைய கல்யாணத்தை நினைத்து எங்கள் வீட்டில் துக்கம் விசாரித்தோம். மருமகள் மட்டும் மெதுவாகக் கேட்டாள், "அந்த நாட்டுல எல்லாருமே லத்தீனோன்னா வேற யாரைத்தான் கட்டுவாங்க?" கொழுந்தனார் அவளை முறைத்தார். கூட்டம் பற்றிய பேச்சில் பெண்கள் புத்தியோடு பேசுவது வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதைப் பேத்தியிடம் சொன்னபோது, அவள் சிரித்த சிரிப்பில் போன் கை நழுவி, கொஞ்ச நேரம் நாங்கள் அவள் வீட்டுக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, கல்யாணம் நம்மூர்லதான். நீங்கதான் தாரை வார்த்துக் குடுக்கோணும். முடியாதுன்னா சொல்லீருங்க. இங்கயே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கறோம். பொறவு பொங்கலுக்கு வா, நோம்பிக்கு வான்னு என்னைக் கூப்பிடாதீங்க."

இவள் சொன்னால் செய்வாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு யாரும் வெளியே போக வேண்டியதில்லை. என் வீட்டுக்கு இனி அவள் வருவாளா மாட்டாளா என்பது என் மகனுடைய வாயில் இருந்தது. அவனோ அந்த வாயைப் பால் சொசைட்டியில் போய்த் திறந்தான்.

காலையில் பால் ஊற்றப் போன இடத்தில், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சுங்களா" என்று செக்ரட்டரி கேட்டிருக்கிறார். இவன், "ஸ்பெயினுங்க" என்று சொல்லிவிட்டான்.

நான் முதலில், பாவம், தெரியாமல் சொல்லிவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஸ்பானிஷ் பேசுகிறவன் ஸ்பெயின்காரன் என்று யாரும் நினைத்துவிடலாம். ஆனால் ஸ்பெயின்காரன் லத்தீனோ இல்லை என்று எனக்குப் படித்துக் காட்டியவனே இவன்தான். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். ஸ்பெயின் என்றால் வெள்ளைத் தோல், பூட்ஸ், கால்பந்து, அரண்மனை. பத்து மாட்டுக்காரனுக்கு ஸ்பெயின் சம்பந்தம் என்றால் பால் பாத்திரமே கொஞ்சம் பளபளக்கும்.

ஊர் அதை எடுத்துக்கொண்டு ஓடியது. "மாப்பிள்ளை நல்ல செவப்புங்களா" என்று பெண்கள் கேட்டார்கள். "கண்ணு நீலமாமா" என்று ஒருத்தி. பையன் வருவதற்குள் அவனுக்கு ஆறடி உயரமும் ஒரு குதிரையும் கொடுத்துவிட்டார்கள்.

தை பிறந்ததும் பேத்தி அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோயமுத்தூரில் விமானம் இறங்கி வேலந்தாவளம் வழியாகக் கார் வந்து நின்றது. அவன் முதலில் இறங்கி, பின்னால் போய்ப் பெட்டிகளை எடுத்தான். குட்டையான, கெட்டியான பையன். அடர்த்தியான கறுப்பு முடி, மீசை. கறுப்பில் என் மகனைவிட ஒரு பிடி கூடுதல். வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி அவனைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தாள். டிரைவர் போன் பேச ரோட்டோரம் ஒதுங்கியிருந்தான், பேத்தி என்னிடம் வந்துவிட்டாள், உள்ளே யாரும் இல்லை. திரும்பி என்னிடம் சொன்னாள்:

"டாக்சிக்காரத் தம்பிக்கு முதல்ல தண்ணி குடுங்கக்கா, பாவம். ஸ்பெயின் மாப்பிள்ளை பின்னாடி வண்டியிலீங்களா?"

அவன் தமிழில் கற்றுக்கொண்டு வந்த சொற்களில் தண்ணியும் ஒன்று. "தண்ணி, ஆமாங்க" என்றான். வாங்கிக் குடித்தான். "நல்லாருக்குங்க" என்றான். பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்று சாயங்காலம் வரை பேச்சு வரவில்லை, எனக்கு அது ஒரு லாபம்.

அடுத்த நாளெல்லாம் வந்தவர்கள் அத்தனை பேரும் ஸ்பெயின், ஸ்பெயின் என்றார்கள். மகன், "அங்க வெயில் ஜாஸ்திங்க" என்று சமாளித்தான். பையனுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஸ்பெயின் என்ற சொல் தெரியுமே. பேத்தியிடம் என்னவோ கேட்டான். அவள் அப்பனைப் பார்த்தாள். அப்பன் மாட்டுக்குத் தீனி வைக்க எழுந்து போனான். சற்று முன்னால்தான் வைத்திருந்தான். அன்றைக்கு மாடுகள் நன்றாகத் தின்றன.

நிச்சயத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. மூணாறு பார்க்கப் போகலாம் என்று பேத்தி சொன்னாள். மகன் காரை ஓட்டினான். முன்னால் கொழுந்தனார். பின்னால் பேத்தி, பையன், நான். மூணாறு தாண்டிப் பள்ளிவாசலில் தேயிலைத் தோட்டத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கடையில் இருந்த அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்த முகமாக வந்தாள்.

"எந்தூரு பெரியவரே?"

"பாலக்காட்டுப் பக்கமுங்க" என்றார் கொழுந்தனார்.

"அப்ப நம்ம ஆளுகதான். எங்க பாட்டன் திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து கொழுந்து பறிக்க வந்தாக. எல்லாம் தமிழாளுகதான."

கொழுந்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க வேறைங்க. நாங்க பூமிக்காரங்க. பண்ணையம்."

"வேறயா?" அந்த அம்மா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "வெளிய உள்ளவனுக்கு அது தெரியுமா பெரியவரே? ஆபீசுல போயி நின்னா ஒங்களையும் தமிழுன்னுதான் சொல்லுதாக, என்னையும் தமிழுன்னுதான் சொல்லுதாக. நீங்க போயி, நான் வேற தமிழுன்னு சொல்லிப் பாருங்க. தனியா நாற்காலி போடுதாகளான்னு பாப்பம்."

எனக்கு டீ புரையேறிவிட்டது. கொழுந்தனாருக்கு ஆபீசில் நாற்காலி போடாதது பழைய மனக்குறை. பாஷா ந்யூனபட்சம், அதாவது மொழிச் சிறுபான்மை என்று மலையாளத்தில் எங்களுக்கு ஒரு சர்க்கார் பேர் உண்டு. பாலக்காட்டு அக்ரகாரத்துத் தமிழர், தோட்டத்துத் தமிழர், நாங்கள் எல்லோரும் அந்த ஒரே சாக்கில் கிடக்கிறோம். சாக்குக்குள்ளே ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் பெண் எடுக்க மாட்டோம். வெளியே தமிழனைக் கேவலமாகப் பாண்டி என்று எவனாவது சொன்னால் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோலச் சுருக்கென்று வரும்.

பையன் என்ன பேச்சு என்று கேட்டான். பேத்தி சொல்லச் சொல்ல அவன் மேசையைத் தட்டிச் சிரித்தான். அவன் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள்.

"இவங்கம்மா மெக்சிகோங்க அப்பத்தா. அப்பா கொலம்பியா. நடுவுல எத்தனையோ நாடு இருக்குது. அவங்கவங்க ஊர்ல இருந்த வரைக்கும் அம்மா மெக்சிகோக்காரி, அப்பா கொலம்பியாக்காரர், அவ்வளவுதான். டெக்சாஸ் வந்த பொறவுதான் ரெண்டு பேரும் லத்தீனோ ஆனாங்களாம். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியலை, ஒரே பேரு வெச்சுட்டாங்க."

"அவியளுக்கு அந்தப் பேரு புடிக்குமா?" என்றேன்.

பையன் யோசித்தான். வீட்டுக்குள் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லையாம். வீட்டுக்குள் இன்னும் சண்டைதான். ரெண்டு பேர் ஊரிலும் மக்காச்சோள மாவில்தான் ரொட்டி. அம்மா மெல்லிசாகத் தட்டுவாள், அப்பா தடியாகத் தட்டுவார். மெல்லிசைப் பார்த்தால் இதில் முகம் துடைக்கலாம் என்பார் அப்பா. தடியைப் பார்த்தால் இதை வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்பாள் அம்மா. சிலருக்கு அந்தப் பேர் அறவே ஆகாதாம், நாட்டுப் பேரைத்தான் சொல்வார்களாம். ஆனால் வேலை செய்கிற இடத்தில் ஒருத்தன் இவர்களில் யாரையாவது கேவலமாகப் பேசினால், அந்த நிமிடத்தில் எல்லோரும் லத்தீனோ ஆகிவிடுவார்களாம்.

டீக்கடை அம்மா இதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "நம்ம பயதான்" என்று சொல்லி அவனுக்கு ஒரு வடை கூட வைத்தாள்.

கொழுந்தனார் மட்டும் வேறு கணக்கில் இருந்தார். கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்படீன்னா லத்தீனோங்கறது கூட்டமில்லை. மெக்சிகோ ஒரு கூட்டம், கொலம்பியா ஒரு கூட்டம். ரெண்டும் வேற. கட்டலாமுங்க. முறைதான்."

இப்படியாக அந்தப் புருசன் பெண்டாட்டியின் கல்யாணம், அவர்களுக்கே தெரியாமல், ஒரு டீக்கடையில் வைத்துச் செல்லுபடியானது.

திரும்பி வரும்போது பையன்தான் ஸ்பெயின் பேச்சை எடுத்தான். மறையூர் இறக்கத்தில் கார் மெதுவாக வளைந்துகொண்டிருந்தது. அவன் என் மகனின் பிடரியைப் பார்த்துப் பேசினான், பேத்தி தமிழில் சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"ஸ்பெயின்காரங்க கப்பல்ல வந்து இவங்க நாட்டைப் புடிச்சு ஆண்டவங்கப்பா. இவங்க பேசற பாஷையே அவங்க குடுத்துட்டுப் போனது. உங்களை ஒருத்தர் இங்கிலாந்துக்காரருன்னு ஊரெல்லாம் சொன்னா எப்படி இருக்கும்னு கேக்கறாரு."

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் கொழுந்தனார்.

பேத்தி அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னை யாருன்னு சொல்லப் பிரியமில்லைன்னா சொல்ல வேண்டாம்ங்கறாரு. இல்லாததைச் சொல்ல வேண்டாமாம். நிச்சயத்தன்னைக்கு சபையில ஸ்பெயினுன்னு சொன்னா, எந்திரிச்சு இல்லைன்னு சொல்லீருவாராம். இல்லைங்கற அந்தத் தமிழ் வார்த்தையை எங்கிட்டக் கேட்டு வாங்கி வெச்சிருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "நானும் கூடவே எந்திரிச்சுருவனுங்கப்பா" என்றாள்.

மகன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழியெல்லாம் வண்டியை ரொம்ப ஒழுங்காக ஓட்டினான். அதிலிருந்தே அவனுக்கு உறைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அவன் பால் கறக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்டா ஸ்பெயினுன்ன?"

"ஒண்ணுமில்லீம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு அவ்வளவு தூரத்து நாடு எதுக்கு? பொள்ளாச்சின்னு சொல்லியிருக்கலாமில்ல."

அவன் மாட்டு மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன்ல பார்த்தனுங்கம்மா. அமெரிக்காவுல கட்டட வேலை, தோட்ட வேலை, ஓட்டல்ல பாத்திரம் கழுவறதெல்லாம் அவீங்கதானாமா. அங்கத்த சனங்க லத்தீனோன்னா கூலிக்காரங்கற மாதிரித்தான் பேசறாங்க. இந்தப் பையனோட அப்பனே கூரை போடற வேலைதான். நாளைக்கு எவனாச்சும் படிச்சவன் வந்து, உன்ற சம்பந்தி கூலிக்காரனான்னு கேட்டா?"

"நீ இப்ப என்ன பண்ணீட்டிருக்கற?"

"பால் கறக்கறன்."

"ஓ. நான் ராச சபையில உக்காந்திருக்கறன்னு நெனைச்சன்."

சிரிக்கவில்லை அவன். மாடுதான் வாலை வீசி அவன் முகத்தில் ஒன்று வைத்தது. நான் சொல்ல நினைத்ததை அது சுருக்கமாகச் சொல்லிவிட்டதால் எழுந்து வந்துவிட்டேன்.

நிச்சயத்தன்று வாசலில் பந்தல் போட்டிருந்தது. ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பால் சொசைட்டி செக்ரட்டரி முன்வரிசையில். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு அடுத்து. பையனுக்கு வேட்டி கட்டி, கீழே பாயில் சம்மணம் போட்டு உட்கார வைத்திருந்தோம். கால் மரத்துப்போய் முகம் ஒரு மாதிரி இருந்தது. அவன் அப்பனும் அம்மாவும் கல்யாணத்துக்குத்தான் வருவதாக இருந்தார்கள். அதனால் அவன் பக்கத்துக்கும் சேர்த்து என் மகனே சபையில் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த பேத்தி சேலையைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். எழுந்திருப்பதற்குத் தயாராக இருப்பவள் பிடிக்கிற பிடி அது.

பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "மாப்பிள்ளை ஊடு என்ன கூட்டமுன்னு சபைக்குச் சொல்லுங்க."

மகன் எழுந்தான். துண்டை எடுத்தான், மறுபடி போட்டுக்கொண்டான். செக்ரட்டரியைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான்.

"ஸ்பெயினுன்னு" என்று ஆரம்பித்தான்.

மரத்த காலோடு பையன் சடாரென்று எழுந்து, விழப்போய், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கணீரென்று சொன்னான்:

"இல்லைங்க."

பேத்தியும் எழுந்துவிட்டாள். பின்னால் யாரோ, "மாப்பிள்ளை வேண்டாங்கறாரா" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இதைவிட நல்ல நாள் அமையப் போவதில்லை.

மகன் மெதுவாக நடந்து பையனிடம் போனான். விழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். சபையைப் பார்த்துச் சொன்னான்:

"இல்லைதானுங்க. அவரு சொல்றதுதான் செரி. ஸ்பெயினுன்னு உங்ககிட்டச் சொன்னது நானு, அது பொய்யின்னு சொல்லத்தான் எந்திரிச்சன். அதுக்குள்ள அவரு முந்தீட்டாரு. மாப்பிள்ளை லத்தீனோங்க. அம்மா மெக்சிகோ, அப்பா கொலம்பியா. எங்க சம்பந்தி கூரை போடற வேலை செஞ்சு பையனைப் படிக்க வெச்சவருங்க."

கூரை என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அவன் அவ்வளவு தூரம் சொல்வான் என்றே நான் எதிர்பார்க்காததால் குரல் இறங்கியதை மன்னித்து விட்டுவிட்டேன். பேத்தி உட்காரவே இல்லை. நின்றபடியே அப்பன் சொன்னதை இங்கிலீஷில் பையனுக்குச் சொன்னாள், பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"லத்தீனோன்னா என்ன ஆளுங்க?" என்றார் பெரியவர்.

மகன் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "அது அவீங்களாச் சொல்லிக்கறதில்லீங்க. பக்கத்துல இருக்கறவங்க வெச்ச பேருங்க. நம்மளைப் பாலக்காட்டுல சொல்றாங்கல்லங்க, அந்த மாதிரி."

செக்ரட்டரி தொண்டையைக் கனைத்தார். "எந்த நாடா இருந்தா என்னங்க. சாப்பாடு உண்டுதானுங்களே?"

அதற்குத்தான் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எங்கள் ஊர் அதற்குமேல் எதையும் விசாரிக்காது. மகன் தாம்பூலத் தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். பையன் வாங்கிக்கொண்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் வெற்றிலையைப் பார்த்தபடி நின்றான்.

"உக்காருங்க மாப்ளே, கால் வலிக்கும்" என்றான் என் மகன்.

பந்தலின் ஓரத்தில் என் கொழுந்தனார் நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, லத்தீனோவில் மொத்தம் எத்தனை கூட்டம், யார் யாருக்குள் பெண் எடுக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் பாயசம் கொண்டுபோனபோது பிரேசில் வரைக்கும் வந்திருந்தார்.